கூட்டுக்குள் இருந்தது

தேசி என்கிற எலுமிச்சையின் இலையைக் கசக்கினால் வரும் மணம் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு அது புழுவின் மணம். குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் கிணற்றடித் தேசி மரத்துப் பச்சைப் புழுவைத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் கொம்பை நீட்டி, அதே மணத்தைப் புளிக்கப் புளிக்க மூக்கில் அடிக்கும்.

வாப்பா மாரடைப்பில் மௌத்தான மாதம், பாடசாலையில் அந்தப் புழுவைத்தான் படிப்பித்தார்கள்: முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி. கூட்டுக்குள் போனால் உண்ணாது, வெளியே வராது, வரும்போது வேறாக வரும் என்றார் ரீச்சர். வீட்டிலோ உம்மாவின் அறை யன்னலில் சேலை கட்டியிருந்தது. உம்மா எப்போது வெளியே வருவார் என்று உம்மாவின் தங்கை, சாச்சியிடம் கேட்டேன்.

"மாப்புள மௌத்தானா 'இத்தா' இரிக்கோணும் மகள். நாலு மாசமும் பத்து நாளும் கழிய வருவா. நீ உள்ளுக்குப் போகலாம், போ."

எட்டு வயது மூளை இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டது. உள்ளே என்ன நடக்கிறதென்று பார்க்க, மரத்தில் ஒட்டியிருந்த கூடொன்றை வாப்பாவின் சவர அலகால் பிளந்தேன். புழுவும் இல்லை, வண்ணத்துப்பூச்சியும் இல்லை. மஞ்சளாக ஒரு கூழ் விரலில் வடிந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை. கையைக் கழுவிவிட்டுப் போய் வீட்டுப்பாடம் எழுதினேன்.

அதன்பின் உம்மாவின் அறைக் கதவை நான் திறக்கவேயில்லை. திறந்தால் உம்மாவும் அப்படித்தான் கிடப்பார், பிறகு ஒன்றாகவும் ஆகமாட்டார் என்று நம்பினேன். சோற்றுக் கோப்பையை வாசலில் வைத்து, தட்டிவிட்டு ஓடுவேன். "ஆரு, மகளா? உள்ளுக்கு வா" என்ற குரல் கொஞ்ச நாள் தினமும் வந்தது. "சின்னப் புள்ள, பயப்புடுது, விடுங்க ராத்தா" என்று சாச்சி சொன்ன பிறகு அதுவும் நின்றது.

இத்தா முடிந்து வந்த உம்மா மெலிந்திருந்தார், வேறொன்றுமில்லை. "ஏன் மகள் ஒரு நாளும் வரல்ல? உம்மா என்ன செஞ்சன்?" என்று கேட்டார். அவர் பிறகு கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. அந்த வெட்கம் இன்றுவரை போகவில்லை.

தேசி மரம் இப்போது இல்லை. அந்த வளவில் வெள்ளைக்காரர் வந்து தங்கும் விடுதி நிற்கிறது. போன வருடம் உம்மாவும் போனார். மையித்தைக் குளிப்பாட்டிய பெண்கள் கதவை லேசாகத் திறந்து, "மகள், உள்ளுக்கு வாங்க" என்று கூப்பிட்டார்கள். இந்த முறை போனேன். உம்மா உம்மாவாகவே இருந்தார்.