அம்மாவின் முந்தானை

குழந்தைகள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. மயிலம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு வயதுப் பெண் குழந்தையைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அவள் பார்க்கவே இரண்டு கிண்ணங்களில் ஒன்றின் அடியில் கிலுகிலுப்பையை ஒளிப்பேன். சற்று நேரம் துணியால் மறைத்துவிட்டு எடுக்கச் சொல்வேன். இந்த வயதில் பல குழந்தைகள் தடுமாறும். இவள் ஒருமுறைகூடத் தவறவில்லை.

மடியில் வைத்திருந்த அம்மாவின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. கண்ணால் ஜாடை காட்டுகிறாளோ?

"கண்ண மூடிக்கோங்கம்மா."

"நான் ஒண்ணும் பண்ணலீங்களே," என்றவள், முந்தானையால் முகத்தையே மூடிக்கொண்டாள். அப்போதும் குழந்தை சரியாக எடுத்தது. தொடையை அசைத்துக் காட்டுகிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

திண்டிவனம் பஸ்ஸில், சோதனையை எடுத்து வைத்திருந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அம்மா அசையவே இல்லை. குழந்தை ஒவ்வொரு முறையும் என் முகத்தைத்தான் பார்த்தது. அவள் கை நீளும் முன்பே என் பார்வை சரியான கிண்ணத்துக்குப் போயிருந்தது.

மறுவாரம் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். குழந்தை கிண்ணத்தைத் தொடாமல், என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி அழுதது.

"அத்தக் கழட்டிடுங்க மேடம், பயந்துக்கினு அழுவுது," என்றாள் அம்மா. பிறகு தயங்கிக் கேட்டாள்: "இன்னிக்கும் நான் மூஞ்சிய மூடிக்கினு இருக்கணுமா?"

வேண்டாம் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் எந்த வீடியோவிலும் முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறேன்.