ஞானம்மாள் அடிக்காத கடிதம்

மீமிசல் பஸ்ஸின் கண்டக்டர்தான் சேதியைக் கொண்டுவந்தார். புதுக்கோட்டையில் வண்டியை நிறுத்திவிட்டு நேரே நான் இப்போது வேலை பார்க்கும் சங்க ஆபீசுக்கு வந்தவர், "ஒங்களுக்குச் சொல்லச் சொன்னாங்க. டைப் டீச்சரம்மா தவறிட்டாங்க. முந்தாநாளே அடக்கம் ஆயிருச்சு" என்றார். கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன். "யார் சொல்லச் சொன்னது?" என்று கேட்டேன். "அவங்களேதான். போன மாசமே சொல்லி வச்சிருந்தாங்க" என்றார்.

ஞானம்மாளை இந்த ஊரில் பலருக்குத் தெரியும். சிலர் அவரிடம் டைப் அடிக்கப் படித்தவர்கள். சிலர் அவர் வீட்டு வாசலில் நின்று ஏசியவர்கள். இரண்டு சாராருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன். ஏசியவர்களுக்கு நடந்ததை நான் ஏற்கெனவே ஒருமுறை சொல்லிவிட்டேன். ஆனாலும் காதில் விழாதவர்கள் இருப்பார்கள்.

பத்து வருஷத்துக்கு முன்பு புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் ஒரு முதலீட்டு பாங்கியின் வட்டார ஆபீஸ் இருந்தது. தலைமை ஆபீஸ் சென்னையில். இங்கே ஏஜெண்டு ஒருவர், கணக்கர், குமாஸ்தாவாக நான், பியூன், டைப் அடிக்க ஞானம்மாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து, புருஷன் இறந்தபின் டைப் படித்து வேலைக்கு வந்தவர். ஆபீசில் ஒரே பெண். முதல் வாரத்திலேயே ஏஜெண்டு எழுதிய ஒரு கடிதத்தை அடிக்காமல் திருப்பிக் கொண்டுபோய், "இதுல தேதி தப்பா இருக்குங்க. இன்னிக்குத் தேதி போடுறதா, நீங்க போட்ட தேதியா?" என்று கேட்டார். ஏஜெண்டு முகம் சிவந்து தேதியைத் திருத்தினார். படிக்காமல் ஒரு வரிகூட அடிக்கமாட்டார் என்பது அன்றைக்கே எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

அந்த வருஷம் ஐப்பசியில் ஆபீசுக்கு வெள்ளையடிக்கும்படி சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. பிறகு கதவுகளுக்கு வர்ணம். பிறகு முதலீடு செய்ய வருகிறவர்கள் உட்காரப் பிரம்பு நாற்காலிகள், சுவரில் ஒரு பெரிய கடிகாரம். எங்களுக்கெல்லாம் சந்தோஷம். ஞானம்மாள் மட்டும் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "சம்பளம் ரெண்டு மாசமா அஞ்சாந்தேதிக்கு மேலதான் வருது. நாற்காலி மட்டும் சொன்ன தேதிக்கு வருது. கவனிச்சீங்களா தம்பி?" என்றார். நான் கவனிக்கவில்லை. சொன்னபிறகு கவனிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

கார்த்திகையில் தலைமை ஆபீசிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். பேரேடுகளைத் தயாராக எடுத்து வைத்திருந்தோம். அவர் ஒன்றையும் திறக்கவில்லை. புது நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தார். ஒவ்வொருவரிடமும் எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். கணக்கர் நாலு என்றதும் இன்ஸ்பெக்டர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் போனபிறகு ஏஜெண்டு யாரையும் திட்டுவதில்லை. பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் கத்துகிற மனுஷர், பியூன் பதினொரு மணிக்கு வந்தபோதும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் விராலிமலைச் சந்தையில் ஒரு பேச்சு கிளம்பியது. பாங்கி ஆட்டம் கண்டுவிட்டதாம். நாலைந்து பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். உடனே சென்னையிலிருந்து தந்தி. முதலீடு செய்த ஒவ்வொருவருக்கும் கடிதம் அனுப்பவேண்டும். பாங்கி முன்னெப்போதையும்விடப் பலமாக இருக்கிறது, வதந்தியை நம்பவேண்டாம், பணத்தை எடுக்க அவசரப்பட்டால் வட்டிதான் நஷ்டம் என்று ஏஜெண்டு இங்கிலீஷில் எழுதி ஞானம்மாளிடம் நீட்டினார்.

அவர் நின்றபடியே முழுவதும் படித்தார். மடித்து மேஜைமேல் வைத்தார்.

"இதை நான் அடிக்கலைங்க."

"ஒங்களை அடிக்கத்தான் சொன்னேன். நம்பச் சொல்லல."

"வீட்டம்மா பேருல இங்க இருக்கிற பணத்தைத் திருச்சி பாங்கிக்கு மாத்தச் சொல்லி முந்தாநாளு ஒரு கடுதாசி குடுத்தீங்க. அதையும் நான்தான் அடிச்சேன். ரெண்டையும் ஒரே கையால அடிக்க முடியாதுங்க."

அறையில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். புதுக் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. ஏஜெண்டு கோபப்படவில்லை. மிகவும் தணிந்த குரலில், "அப்ப நாளையிலேருந்து வரவேண்டாம்" என்றார்.

ஞானம்மாள் மெஷினுக்கு உறை போட்டுவிட்டுக் கிளம்பினார். பின்னாலேயே வாசல்வரை போய், "அக்கா, வெளியில சொல்லிருவீங்களா?" என்று கேட்டேன். "ஆபீஸ் விஷயத்தை வெளியில பேசமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன் தம்பி. நானாப் போய்ச் சொல்லமாட்டேன். யாராவது வந்து கேட்டா, பொய் சொல்லமாட்டேன்" என்றார். யாரும் வந்து கேட்கவில்லை. அவருடைய சேமிப்பும் அதே பாங்கியில்தான் இருந்தது. அதை அவர் எடுக்கவும் இல்லை.

கடிதத்தை நான் அடித்தேன். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது, வேலை வேண்டியிருந்தது என்று காரணம் சொல்லலாம். நடந்தது இதுதான்: ஏஜெண்டு என்னைப் பார்த்தார், நான் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். ஆபீஸ் கடிதங்களின் அடியில், இடது ஓரத்தில், எழுதியவரின் பெயரெழுத்தும் அடித்தவரின் பெயரெழுத்தும் போடுவது வழக்கம். பழைய கடிதம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து அடித்தேன். ஞானம்மாளின் எழுத்துகள் வந்த இடத்தில் அவற்றையே அடித்தேன். கைப்பழக்கம் என்று இத்தனை வருஷமும் சொல்லிவந்திருக்கிறேன். அந்த மெஷினில் எனக்குக் கைப்பழக்கமே கிடையாது. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தவன் நான்.

தை பிறப்பதற்குள் பாங்கி கதவை மூடிவிட்டது. ஏஜெண்டு அதற்கு முந்தின நாளே திருச்சிக்குப் போயிருந்தார்.

விராலிமலைக் கருப்பையாவை அப்போதுதான் அறிந்தேன். நிலம் விற்ற பணத்தை மகள் கல்யாணத்துக்காகப் போட்டு வைத்திருந்தவர். சந்தைப் பேச்சைக் கேட்டு எடுக்கக் கிளம்பியவரை அந்தக் கடிதம் நிறுத்திவிட்டது. ஊர் வாத்தியார் அதைப் படித்துச் சொல்லியிருக்கிறார். பாங்கி மூடியபின் அதே வாத்தியார்தான் அடியில் இருந்த எழுத்துகளைக் காட்டி, அடித்தது அந்த அம்மாள் என்றும் சொல்லியிருக்கிறார். கருப்பையா ஏழெட்டுப் பேருடன் ஞானம்மாளின் வீட்டுக்குப் போனார்.

பியூன் கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னான். ஞானம்மாள் கடிதத்தை வாங்கி, அடியைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம்.

"இதை நான் அடிக்கலைங்க."

"பின்னே யாரு அடிச்சது?"

"அது எனக்குத் தெரியும். அவரே வந்து சொல்லுவாரு."

"எப்பம்மா வருவாரு? தை போயி மாசி வந்துருச்சுன்னா என் மக கல்யாணம் நின்னுபோகும்."

அன்று சாயங்காலம் ஞானம்மாள் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். வேலை போனபின் அவரிடம் டைப் படிக்க வந்துகொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். வீட்டுக்காரர் காலிசெய்யச் சொன்னார். ஒவ்வொன்றையும் பியூன் வந்து சொன்னான். ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன்.

நாலாம் நாள் கீழராஜ வீதியில் ஞானம்மாள் எதிரே வந்துவிட்டார். ஒதுங்க இடமில்லை. குரலை உயர்த்தாமல் சொன்னார்: "பாங்கி மூடினதை விசாரிக்க ஒரு ஆபீசர் வந்து உக்காந்திருக்காரு. நான் போய்ச் சொன்னா அது உங்க மேல புகாராப் போயிரும் தம்பி. நீங்க போனா அது உங்க வார்த்தையா இருக்கும்." அவ்வளவுதான். கையில் காய்கறிப் பை இருந்தது. அவருக்கு விற்க மறுத்துவிட்டார்களோ என்னவோ, பை காலியாக இருந்தது.

ஒன்பதாம் நாள் போனேன். ஆபீசரிடம் எழுதிக் கொடுத்தேன். பிறகு பஸ் ஏறி விராலிமலைக்குப் போய்க் கருப்பையாவிடம் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். மாட்டுக் கொட்டிலில் நின்றுகொண்டு என் விரல்களையே பார்த்தார். மாடுகள் இல்லை. விற்றிருந்தார். "அந்த அம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் திரும்பி வந்து அந்த வீட்டுக்குப் போனபோது பூட்டியிருந்தது. முந்தின நாளே மீமிசலில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாராம்.

ஐந்து வருஷம் கழித்துத்தான் எனக்கு அங்கே போகத் தைரியம் வந்தது. மீன் இறங்கும் துறைக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகையில் நாலு பிள்ளைகளுக்கு டைப் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மீன்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார். வாங்க என்று உட்காரச் சொல்லி, கருவாடும் சோறும் போட்டார். நான் பேச வந்ததைப் பேசவிடவில்லை. "கேக்கட்டும்னு காத்திருந்தேன் தம்பி. கேக்காமலே சொல்லியிருக்கணும். ஒரு கையெழுத்துக்குப் பயந்து வாயை மூடிக்கிட்டேன். கருப்பையா மக கல்யாணம் நின்னதுல எனக்கும் பங்கு உண்டு" என்றார். என் பங்கை அவர் குறைத்துச் சொல்லவில்லை. தன் பங்கையும் விட்டுவிடவில்லை.

என்னை மன்னித்தாரா என்று கேட்டதில்லை. இனிக் கேட்க ஆளில்லை. அன்று வாசலில் கூட்டம் நின்றபோது என் பெயரை ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும், கல் என் ஜன்னலுக்கு வந்திருக்கும். சொல்லவில்லை. நானே நடந்து போகட்டும் என்று எட்டு நாள், தன் வீட்டில் கல் விழ விழ, எனக்காக விட்டுவைத்தார். ஞானம்மாளிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த எட்டு நாள்.