ஆடிப் பதினெட்டில் போன ஜீப்

போன வாரம் எதிர்வீட்டுப் பல் மருத்துவர் ஒரு பழைய ஜீப்பை வாங்கிவந்து எங்கள் கே.கே. நகர் தெருவில் நிறுத்தினார். துருவைச் சுரண்டிய இடங்களில் சிவப்பு ஆக்சைடு பூசியிருந்தார்கள். அந்த வாடை கேட்டைத் தாண்டி வந்து என் காலைக் காப்பியைக் கெடுத்தது. உங்களுக்கு அது வெறும் பெயிண்ட் வாடையாக இருக்கலாம். எனக்கு அது என் மச்சான் தவமணியின் வாடை.

எண்பத்தொன்றாம் வருடம். எனக்குக் கப்பலூரில் ஒரு சின்ன ரப்பர் தொழிற்சாலையில் கணக்கு வேலை, செல்லூரில் வாடகை வீடு. தொழிற்சாலைக்குப் பக்கத்து மனையில், கருவேலமரத்தடியில் ஒரு ஜீப் கிடந்தது. யாரோ மிலிட்டரி ஏலத்தில் எடுத்து, ஓட்டி, அலுத்துப்போய் விட்ட வண்டி. கூரை இல்லை. சீட்டில் ஓணான் குடும்பம் நடத்தியது. மதியம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய் அதன் பானட்டில் வைத்துத்தான் சாப்பிடுவேன். பெண் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி சாயங்காலம் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வருவேன். அதுவரை நான் சொந்தமாக ஓட்டிய வாகனம் சைக்கிள் ஒன்றுதான்.

மனைக்காரர் சொன்ன விலை எனக்கு எட்டக்கூடியதாகவே இருந்தது. ஆனால் கேட்ட நேரம் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் வண்டி வாங்குவார்களா? அவரே சொன்னார்: "ஆவணி பொறக்கட்டும் தம்பி. சக்கரமே இல்லாதது எங்கிட்டுப் போயிரப் போகுது?"

சந்தோஷத்தை அடக்கத் தெரியாதவன் அத்தோடு நிற்பானா? தாய்மாமன் மகன் தவமணியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். திருமங்கலம் பக்கம் பருத்திக்காடும் டிராக்டரும் உள்ளவர், என்னைவிட ஒரு வயது மூத்தவர். ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். காலால் தரைத்தகட்டில் ஓர் உதை விட்டார். செருப்போடு கால் உள்ளே போய்விட்டது.

"வண்டியாடா இது? அம்புட்டும் அப்பளம். வேற சோலியப் பாரு மாப்ள" என்றார். எனக்கு நிம்மதி. மச்சானுக்குப் பிடிக்கவில்லை என்றால் போட்டி இல்லை.

இங்கே என்னைப் பற்றி ஒரு வார்த்தை. தேதி விஷயத்தில் நான் மிகக் கறார். கோடைமழை பெய்த தேதி, பஸ் கட்டணம் ஏறிய தேதி, வீட்டில் எலி பிடிபட்ட தேதி, எல்லாம் எனக்கு மனப்பாடம். அப்பேர்ப்பட்டவன் ஆடிப் பதினெட்டன்று லீவு போட்டுவிட்டு, மனைவி மக்களோடு வைகை மணலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டேன். ஆற்றில் கணுக்காலளவு தண்ணீர். மறுநாள் கப்பலூருக்குப் போனால் கருவேலமரத்தடி காலி. ஜீப் கிடந்த இடத்தில் மட்டும் புல் வெளுத்து, நீளவாக்கில் ஒரு படுக்கை மாதிரி இருந்தது. ஓணான் மரத்திலேறித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

மனைக்காரரிடம் காசைக் கொடுத்து, தவமணி முந்தினநாளே டிராக்டரோடு வந்து டிரெய்லரில் ஏற்றிப் போய்விட்டார். அதுவும் தன் ஊருக்கில்லை. செல்லூரில் என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்த காதர் பாயின் டிங்கர் பட்டறைக்கு! அங்கேயே போய்ப் பிடித்தேன்.

"ஆடியில வண்டி எடுக்கலாமா மச்சான்?"

"பதினெட்டாம் பெருக்குக்கு நாளு பாக்க வேணாம்டா. ஊர்ல சின்னப்புள்ளைக்குத் தெரியும். எலி செத்த தேதியெல்லாம் சொல்லுற, இது தெரியலையே மாப்ள!"

பாய் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். புளியோதரை அப்போதுதான் எனக்கு நெஞ்சைக் கரித்தது.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பட்டறைக்குப் போனேன். எதற்கு என்கிறீர்களா? துரு இன்னும் ஆழமாக இருக்கவேண்டும் என்ற ஆசையில்தான். இரண்டு பக்கமும் விசைத்தறிச் சத்தம். நடுச்சந்தில் ஜீப்பை அக்கக்காகக் கழற்றிப் போட்டிருந்தார்கள். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தும் போல்ட்டுகள் அசையவில்லை. நான் மனசுக்குள் போல்ட்டுகளின் கட்சி. தரைத்தகட்டை வெட்டியெடுத்தபோது துரு கேப்பை மாவாகக் கொட்டியது. நல்ல சகுனம் என்று நினைத்தேன். பாய் அசரவில்லை. தார் டிரம்மை வெட்டி விரித்து, தட்டி, அந்த இடத்தில் பற்றவைத்தார்.

கடைசியாகச் சேசிஸ். அது போயிருந்தால் வண்டி எடைக்குத்தான். பாய் முன்பக்கத்திலிருந்து சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இரும்பு ணங்கென்று பேசும், செத்த இரும்பு தொப்பென்று விழும். நான் கண்ணை மூடிக்கொண்டு தொப்புக்காக வேண்டினேன். கடைசிவரை ணங், ணங், ணங்.

"என்ன அண்ணே, மொகம் தொங்கிப்போச்சு?" என்றார் பாய். "பொண்ணு வேற வீட்டுக்குப் போனாலும் வாரந்தவறாம சீர் பாக்க வந்துர்றீக!"

தை பிறந்ததும் பச்சை பெயிண்டில் புதுமாப்பிள்ளை போல ஜீப் எங்கள் வாசலுக்கு வந்தது. சிவப்பு ஆக்சைடு வாடை இன்னும் போகவில்லை. தவமணி இறங்கி, இடதுபக்கத்து சீட்டைத் துண்டால் துடைத்தார்.

"ஏறு மாப்ள. அழகர்கோயிலுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வருவோம். நீ கண்டுபிடிச்ச வண்டி."

"எனக்கு ஜீப்பு குலுங்கும், ஆகாது. நான் பஸ்ல வாரேன்" என்றேன்.

சொன்னபடி பஸ்ஸில் போனேன். உட்கார இடமில்லை. தல்லாகுளம் தாண்டியதும் பின்னாலிருந்து ஹாரன். பார்த்தால் பச்சை ஜீப். என் மனைவி முன்சீட்டில். அவளுக்குக் குலுங்கவில்லை போலிருக்கிறது. பின்னால் என் பிள்ளைகள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, "அப்பா! அப்பா!" என்று கத்திக் கையாட்டியபடி பஸ்ஸை முந்திப் போனார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர், "ஒங்க பிள்ளைகளாய்யா? நீங்க ஏன் இதுல வாரீக?" என்று கேட்டார்.

எட்டு வருடம் அந்த ஜீப் ஓடியது. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் சொந்தம் முழுக்க அதில் ஏறியது. நான் ஒருமுறைகூட ஏறவில்லை. ஒவ்வொரு முறையும் தவமணி இடதுபக்கத்து சீட்டைத் துடைப்பார். நான் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடப்பேன். கார் வாங்கியபோது, ஜீப் வேண்டுமா என்று அவர் முதலில் எனக்குத்தான் ஆள் அனுப்பினார். அதுவும் ஓர் ஆடி. "மறுபடி அடியில துரு வந்திருச்சு. ஆனா ஓடும். வேணும்னா ஆவணி வரைக்கும் வச்சிருக்கேன்." ஓட்டையான பிறகு எனக்கா என்று திருப்பிச் சொல்லியனுப்பினேன். பழைய இரும்புக்கடைக்குப் போய்விட்டது.

கருவேலமரம் இருந்த இடத்தில் இப்போது சரக்குக் கிட்டங்கி. பட்டறை இருந்த சந்தில் அடுக்குமாடி. தவமணி போன தையில் போய்ச்சேர்ந்தார்.

நேற்று பல் மருத்துவர், "ஏறுங்க சார், ஒரு ரவுண்டு போவோம்" என்றார். பஸ்ஸில் வருகிறேன் என்று வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டு ஏறி, இடதுபக்கம் உட்கார்ந்தேன். குதிகாலால் தரைத்தகட்டை ரகசியமாக ஓர் உதை விட்டேன். கால் உள்ளே போகவில்லை. நல்ல கெட்டித் தகடு, தார் டிரம் இல்லை. ஒன் வண்டிய விட நல்ல வண்டியில ஏறிட்டேன் மச்சான் என்று உடனே சொல்லவேண்டும் போலிருந்தது. அதைக் கேட்டு வயிறெரிய ஆளில்லை.