முதுகில் வெள்ளை நூல்

பத்துமலை தன் ஆயுளில் எத்தனையோ ஆண்களுக்குக் கோட்டு மாட்டிவிட்டிருக்கிறார். ஒருத்தர்கூட நன்றி சொன்னதில்லை. சொல்லும் நிலைமையில் அவர்கள் இல்லை, பாவம். ஈப்போவில் ராமையா என்பவர் நடத்தும் சவப்பெட்டிக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு அதுதான் வேலை. குளிப்பாட்டுவார், முகம் மழிப்பார், சட்டை போட்டு டை கட்டிக் கோட்டு மாட்டிப் பெட்டியில் படுக்க வைப்பார். நம்ம ஆட்களைத்தான் தெரியுமே. உயிரோடு இருந்தவரை கைலியும் பனியனுமாகக் காலம் தள்ளிய மனிதனைப் போகிற அன்றைக்கு மட்டும் மாப்பிள்ளை மாதிரி அனுப்பி வைப்பார்கள்.

அந்தக் கோட்டுகளில் ஒரு சங்கதி உண்டு. அவற்றுக்கு முதுகு ஒட்டியிருக்காது. கழுத்திலிருந்து கீழ்வரை நட்டநடுவே பிளந்து, ஓரம் மட்டும் மடித்து அடித்திருக்கும். விறைத்துப்போன கையைப் பின்னால் வளைத்துக் கோட்டு மாட்ட யாராலும் முடியாது. அதனால் முன்பக்கமிருந்து இரண்டு கைகளையும் நுழைத்து, மிச்சத் துணியை உடம்புக்கு அடியில் செருகிவிடுவார்கள். பார்க்க வருகிறவர்கள் என்ன புரட்டியா பார்க்கப் போகிறார்கள்?

இந்த வேலை பார்க்கிறவர் தானே ஒரு கோட்டைப் போடுவாரா? மகள் பிரமிளா கல்யாணத்துக்கு அவள் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. மனிதர் அசையவில்லை. "எனக்குப் போடுற அன்னைக்கு மகேந்திரன் போட்டுவிடுவான்லா" என்று சொல்லிவிட்டு, பூப்போட்ட பாத்தேக் சட்டையோடு மணவறையில் நின்றார். மகேந்திரன் அதே கடையில் சவ வண்டி ஓட்டுகிறவன். அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்திருந்த அவன், அதைக் கேட்டுப் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டான்.

பத்துமலையின் மனைவி ராக்காயிக்கு அறுபத்து நாலு வயது. போன வருஷம் வயிற்று வலி என்று படுத்தவளைப் பரிசோதித்தபோது கணையத்தில் கட்டி என்றார்கள். மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டு, இந்தத் தை முடிந்ததும், இனி உடம்பைப் போட்டு வதைக்க வேண்டாம், ஆசைப்பட்டதைச் செய்யுங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். எவ்வளவு நாள் என்று பத்துமலை கேட்டார். மூன்று மாதம் போனால் அதிகம் என்றார் டாக்டர்.

சிங்கப்பூரில் நர்ஸ் வேலை பார்க்கும் பிரமிளா ஓடிவந்து, "என்னம்மா வேணும், சொல்லும்மா" என்று கேட்டாள். திருப்பதி, காசி என்று ஏதாவது வரும் என்று நினைத்திருப்பாள்.

"கப்பல்ல போயி, அந்தப் பெரிய மேசையில ஒக்காந்து ராச்சாப்பாடு சாப்பிடணும். ஒங்கப்பா கோட்டு போட்டுக்கிட்டுப் பக்கத்துல ஒக்காரணும். அம்புட்டுதான்."

அவளுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று பத்துமலைக்கு மட்டும் தெரியும். செமோர்ப் பக்கம் இருந்த ரப்பர் தோட்டத்தில், பதிமூன்று வயதில், ராக்காயி துரை பங்களாவில் பாத்திரம் கழுவியவள். கிறிஸ்துமஸ் ராத்திரியில் துரை கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, துரைசாணிக்கு நாற்காலியை இழுத்துவிட்டு உட்காருவானாம். குசினிக் கதவு இடுக்கு வழியாக இவள் பார்ப்பாளாம். கதவைத் தாண்டி ஒரு காலடி வைத்தால் சமையல்காரன் கரண்டியால் ஒன்று போடுவான். ஒருநாள் போட்டான். அந்தத் தழும்பு இன்னும் முழங்கையில் இருக்கிறது. பங்களாவை இடித்து, தோட்டத்தையும் அழித்து வீடு கட்டிவிட்டார்கள். போய்த் தொலையட்டும், அதற்காக யாரும் அழவில்லை. ஆனால் அந்த மேசை மட்டும் இவள் மனதைவிட்டுப் போகவில்லை. கப்பலில் அதே மாதிரி ஒரு மேசை இருப்பதை எப்போதோ டிவியில் பார்த்து வைத்திருந்தாள்.

பிரமிளா கிள்ளான் துறைமுகத்திலிருந்து தாய்லாந்தின் புக்கெட் போய்த் திரும்பும் கப்பலில் அவர்கள் இருவருக்கும் மூன்று இரவுக்குப் பதிவு செய்தாள். கூடப் போக அவளுக்கு மேற்கொண்டு லீவு கிடைக்கவில்லை. கூட வந்த காகிதத்தில் தெளிவாகப் போட்டிருந்தது: இரண்டாம் இரவு, பெரிய மண்டபத்தில் ஆண்கள் கோட்டு, நீளக் கால்சட்டை, சப்பாத்து அணிந்து வரவேண்டும். விருப்பமில்லாதவர்கள் மேல்தளத்தில் தாங்களே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

"மேல போயி சாப்பிடலாமே புள்ள. சோறு எல்லாம் ஒண்ணுதானே" என்று பத்துமலை மெல்ல ஆரம்பித்தார்.

"தட்டத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்கவா? விடியக்காலம் தோட்டத்துல பேர் குடுக்கப் பெரட்டுக் களத்துல நின்னதெல்லாம் பத்தாதா? நான் ஒங்ககிட்ட நகை கேட்டனா, நட்டு கேட்டனா? நாப்பத்தி மூணு வருசத்துல ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்."

பத்துமலை கோட்டு தேடிக் கிளம்பினார்.

ராமையா முதலாளியிடம் கேட்டார். "மகேந்திரனோட வண்டிக் கோட்டு ஒண்ணு சலவைக்குப் போயி வந்து தொங்குது, எடுத்துக்க" என்றார் அவர். கடையின் இடது சுவரில் வண்டி ஓட்டுகிறவர்களின் கோட்டுகள், வலது கம்பியில் மற்றவை. இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே மாதிரி பிளாஸ்டிக் உறை. அன்று காலை ராக்காயிக்கு வலி ஊசி போட ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஓட்டத்தில் பத்துமலை கடைக்குள் நுழைந்தார், எடுத்தார், வந்தார். இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் எந்தக் கம்பிக்குப் போனதோ, கை அதற்கே போனது. குனோங் ராபாட்டில் இருக்கும் வீட்டுக்கு வந்தபிறகாவது போட்டுப் பார்த்திருக்கலாம். மாட்டார். அந்த நேரம் வரும்வரை அதைத் தொடக்கூடாது என்று மனதுக்குள் ஒரு பயம். உறையோடு பயணப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார்.

இரண்டாம் நாள் மதியம் ஒரு மணிக்குக் கப்பல் அறையில் உறையைப் பிரித்தார். கோட்டை உதறினார். கையில் இரண்டு பாதியாக விரிந்தது.

கட்டிலில் சாய்ந்திருந்த ராக்காயி பார்த்துவிட்டாள். கடைக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவள்தானே, அவளுக்குத் தெரியாதா அது யாருக்கான கோட்டு என்று?

"இரு புள்ள, இரு, இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினார். மூன்றாம் தளத்தில் கோட்டு வாடகைக்குக் கொடுக்கும் முகப்பு ஒன்று இருந்தது. அங்கே நின்ற மலாய்ப் பெண் கையை விரித்தாள். "சூடா ஹாபிஸ், பாக்சிக்." காலையிலேயே எல்லாம் போய்விட்டனவாம். கிழிந்தது, பழையது, பெரியது, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று மலாயில் கெஞ்சினார். அந்தப் பெண்ணுக்கே கண் கலங்கிவிட்டது, ஆனால் கோட்டு இல்லை. மண்டபத்து வாசலில் நின்ற மேற்பார்வையாளரிடம் போய், மனைவிக்கு உடம்பு முடியவில்லை, இன்றைக்கு மட்டும் பாத்தேக் சட்டையோடு விடுங்கள் என்றார். நாளைக்கு வாருங்கள், நாளைக்கு எந்த உடையும் சரிதான் என்றான் அவன் சிரித்த முகத்தோடு. நாளைக்கு! நாளைக்கு என்ற பேச்சே இனி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்ட வீட்டில் போய்ச் சொல்கிற பேச்சா இது? பத்துமலைக்கு அவன் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. காலைப் பிடிக்கவும் தயாராக இருந்தார்.

திரும்பி வந்தபோது ராக்காயி எழுந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தக் கோட்டு. அறை இழுப்பறையில் கிடந்த ஊசி நூல் அட்டை கட்டில்மேல் இருந்தது.

"ஏ, அதத் தொடாத! கீழ போடு!" என்று கத்திவிட்டார்.

"ஏங்க கத்துறீங்க? இது புதுசுதானே. இன்னும் யாரும் போடலையே?"

"குடு, நான் தைக்கிறேன். ஒனக்குக் கை நடுங்குது."

"வேணாம். நீங்க தச்சா அது கடைச் சாமானாத்தான் இருக்கும். நான் தச்சாத்தான் என் புருசன் கோட்டு."

இரண்டு மணிக்கு உட்கார்ந்தவள் ஐந்து மணிவரை தைத்தாள். கறுப்பு நூல் கழுத்துக்குக் கீழே ஒரு சாணில் தீர்ந்துவிட்டது. மிச்சத்துக்கு வெள்ளைதான். நாலு தையல் போடுவாள், கண்ணை மூடிச் சாய்வாள், மறுபடி நிமிர்வாள். இரண்டு தடவை ஊசி விரலில் ஏறியது. நடுவில் ஒருமுறை குமட்டி, அவர் நீட்டிய பிளாஸ்டிக் வாளியில் வெறும் பித்தமாக வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு ஊசியைத் தேடினாள்.

பத்துமலை தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உடம்பில் இந்த ஒரு ராத்திரிக்கென்று சேர்த்து வைத்திருந்த தெம்பு முழுவதும் அந்தப் பாழாய்ப்போன துணியில் இறங்கிக்கொண்டிருந்தது. தப்பு என் கையுடையது, படுகிறவள் அவள் என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. "போதும் தாயி, விட்டுரு தாயி" என்று கெஞ்சினார். பெற்ற மகளைக்கூட அவர் தாயி என்று கூப்பிட்டதில்லை.

ஆறு மணிக்குச் சக்கர நாற்காலியில் அவளைத் தள்ளிக்கொண்டு மண்டபத்துக்குள் போனார். வாசலில் நின்றவன் முன்பக்கம் மட்டும் பார்த்தான், குனிந்து வரவேற்றான். பின்னால் வந்தவர்கள்தான் வெள்ளை நூல் கோணல்மாணலாக இறங்குவதைப் பார்த்திருப்பார்கள். மேசையருகே போனதும், சாப்பாட்டு நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, அவளைத் தூக்கி அதில் உட்கார வைத்தார்.

அதே மேசையில் ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி இராசையாவும் அவர் மகன் ஷானும் இருந்தார்கள். பெரியவரின் டை முடிச்சு ஒரு நூல் பிசகாமல் இருந்தது. ஷான் வாசலைத் தாண்டியதுமே கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான். அப்பனுக்கும் மகனுக்கும் வாக்குவாதம்.

"நாலு பேரோட ஒரு மேசையில இருந்து சாப்பிடுறோம். அந்த மேசைக்கு ஒரு மரியாத வேணும்" என்றார் இராசையா.

"லீவுல வந்திருக்கோம்பா. ஆபீஸ்ல வருசம் பூரா கட்டுறேன் இந்தக் கருமத்த. சாப்பிடவும் கட்டணுமா? எவனோ வெள்ளக்காரன் குளிர் ஊர்ல போட்டான்னு நம்மளும் வேர்க்க வேர்க்கப் போடணுமா?" என்ற ஷான், பத்துமலையைப் பார்த்தான். "அங்கிளப் பாருங்க, எப்படி வேர்த்துக் கொட்டுது. கழட்டிருங்க அங்கிள். உள்ள வந்தாச்சுல, இனி யாரும் கேக்க மாட்டாங்க."

நல்ல பையன், நல்ல மனதோடுதான் சொன்னான். பரிமாறுகிறவன் அதைக் கேட்டுப் பின்னால் வந்து, கோட்டை வாங்கித் தொங்கவிட, பத்துமலையின் தோளில் கை வைத்தான். அவர் கோட்டின் முன்பக்கத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கழட்டாதீங்க" என்றாள் ராக்காயி.

குரலே எழும்பவில்லை. ஆனாலும் மேசை முழுக்கக் கேட்டது. பரிமாறுகிறவன் கையை எடுத்துக்கொண்டான். ஷான் எட்டிப் பார்த்து, "முதுகுல கிழிஞ்சிருக்கா அங்கிள்?" என்றான்.

"கிழியல தம்பி. நான் தச்சேன்" என்றாள் அவள்.

ஷானுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவள் மஞ்சளோடிய கண்ணையும் குச்சியாய் மெலிந்த கையையும் பார்த்ததில் ஏதோ புரிந்திருக்க வேண்டும். பேச்சை மாற்றுவதற்காக, "நீங்களே சொல்லுங்க அங்கிள், சாப்பிடக் கோட்டு போடணுமா, வேணாமா?" என்றான்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது தம்பி. இவ கேட்டா. போட்டேன்."

சூப்பு வந்தது. ராக்காயி கரண்டியை எடுத்தாள். இரண்டு வாய் உள்ளே போனது. மூன்றாவது கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. அதைக் கீழே வைத்துவிட்டு, கணவனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

"தொரையவிட நீங்க நல்லாத்தான் இருக்கீங்க."

பத்துமலை சிரிக்கப் பார்த்தார். முகம் அழுதது. அவ்வளவுதான் அந்த விருந்து. பத்து நிமிஷம்கூட இருக்காது. அவள் தலை அவர் தோளில் சாய்ந்தது, இராசையா எழுந்து நின்று வழிவிட்டார், ஷான் சக்கர நாற்காலியைத் தள்ள ஓடிவந்தான். போட்டோ எடுக்கிற இடத்தில் நீண்ட வரிசை. நிற்க முடியவில்லை, எடுக்கவில்லை.

ஊர் திரும்பியதும் ராமையா முதலாளி, "அதக் கொண்டாந்துரு, நம்ம தையக்காரர்கிட்ட பிரிச்சுக்கலாம்" என்றார். பத்துமலை வீட்டில் கத்தரிக்கோலைக்கூட எடுத்தார். வெள்ளை நூலில் ஓரிடத்தில் பழுப்பாக ஒரு பொட்டு இருந்தது, ஊசி ஏறிய ரத்தம். கத்தரிக்கோலை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போய், "பிரிக்க முடியாது மொதலாளி" என்று சொல்லிவிட்டார்.

ஐந்தாவது வாரம் ராக்காயி போய்ச் சேர்ந்தாள்.

கடைக் கூடத்தில்தான் கிடத்தியிருந்தார்கள். பிரமிளாவும் இரண்டு பெண்களும் பட்டுச் சேலை கட்டிவிட்டார்கள். பத்துமலை அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு தலைமாட்டில் நின்றார். வந்தவர்கள் அவர் முதுகைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டுமே.

நண்பகலில் தகரக் கூரை கொதித்தது. மகேந்திரன் வண்டியைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டு வந்தான். பத்துமலைக்குக் கழுத்திலிருந்து வேர்வை ஓடுவதைப் பார்த்து அவனுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, கோட்டக் கழட்டுங்கண்ணே. பெட்டி தூக்கணும்லா. மயக்கம் போட்டு விழுந்துருவீங்க."

பத்துமலை அவனைப் பார்க்கவில்லை. பெட்டியின்மேல் குனிந்தார்.

"கழட்டவா புள்ள?" என்று கேட்டார். "சொல்லு. கழட்டச் சொல்றான். ஒரு வார்த்த சொல்லு."

பிரமிளா ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து காத்திருந்தார். பிறகு நிமிர்ந்து, கோட்டின் பித்தான்களை மேலிருந்து கீழ்வரை போட்டுக்கொண்டு, பெட்டியின் பிடியில் கை வைத்தார்.