மீனலோசனி சிரிக்காத போட்டோ

இது நடந்தது. வாய்க்கு வாய் வளர்ந்த கதை அல்ல. விளாங்குடியில் அந்த வீட்டு ஹாலில் போட்டோ இன்னமும் மாட்டியிருக்கிறது. தினமும் ஒரு முழம் மல்லிகை வைக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அது எப்போது எடுத்தது என்று மட்டும் மீனலோசனியிடம் கேட்கக் கூடாது.

2006, சித்திரை மாதம். மீனலோசனிக்கு இருபத்தொன்பது வயது. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா இல்லை. சித்தப்பா மகன் ஹரிராம்தான் இன்டர்நெட்டில் ஒரு கல்யாணத் தளத்தில் அவள் பெயரைப் பதிந்தான். மாதங்கள் போயின. ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"போட்டோவ மாத்துங்கக்கா. ரேஷன் கார்டுல இருக்குற மாதிரி முறைச்சுக்கிட்டு இருக்கீங்க. எவன் தைரியமா கேப்பான்?" என்று சொல்லித் தன் டிஜிட்டல் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனான். பட்டனை அமுக்கினால் பீப், பீப் என்று சத்தம் வரும். சத்தம் வேகமாவதற்குள் ஓடிப்போய் உட்கார்ந்துவிட வேண்டும். கேமரா தானே எடுத்துவிடும். ஆள் இல்லாதபோது எடுத்தால்தான் முகம் இறுக்கம் இல்லாமல் வரும் என்றும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா சோழவந்தானுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாள். மீனலோசனி கதவைத் தாழிட்டாள். கன்னத்து அம்மைத் தழும்பின்மேல் பவுடரை அழுத்தி அழுத்திப் பூசினாள். இருக்கிற சேலை எல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கட்டி வெளுத்தவை. ஒன்றே ஒன்று மட்டும் புதுசு போல இருந்தது. வாடாமல்லி நிறப் பட்டு. அது பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில், ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது.

அந்தப் பெட்டி பத்மாசினியுடையது. மீனலோசனியின் அக்கா. சிறுவயதில் கொதிக்கிற எண்ணெய் தெறித்து, இடது கன்னத்தில் உள்ளங்கை அளவுக்குத் தோல் சுருங்கிப் போயிருந்தது. அதற்குப் பிறகு அவள் கேமரா முன்னால் நின்றதே இல்லை. வீட்டில் அவள் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது.

பத்து வருஷத்துக்கு முன்னால் பத்மாசினிக்குப் பரமக்குடியில் ஒரு வரன் வந்தது. போட்டோ கேட்டார்கள். அக்கா தங்கை இரண்டு பேருக்கும் ஒரே சாயல், சின்னவளை எடுத்து அனுப்பலாம், நேரில் வந்து பார்த்தால் மனசு மாறிவிடும் என்று அப்பா முடிவு செய்தார். பத்தொன்பது வயது மீனலோசனி மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லத் தோன்றக்கூட இல்லை. இந்த வாடாமல்லிப் பட்டைக் கட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனாள். மடிப்பு எடுத்துவிட்டதே பத்மாசினிதான். தோளில் ஊசி குத்திவிட்டு, "நல்லா சிரிடி" என்றாள். மீனலோசனி நன்றாகத்தான் சிரித்தாள். அழகாக இருக்கிறோம் என்று அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. பிற்பாடு அவளை அரித்ததே அந்தச் சந்தோஷம்தான்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பத்மாசினியைப் பார்த்தார்கள். காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். டம்ளர்களில் ஆடை படிந்து கிடந்தது. பத்மாசினி அழவில்லை. அடுத்த மாதம் மஞ்சள் காமாலை வந்தது. சோறு வேண்டாம் என்றாள். மருந்தும் வேண்டாம் என்றாள். போய்விட்டாள்.

பக்கத்து வீட்டு ராமக்காள்தான் அம்மாவிடம் சொன்னாள். "கன்னியாப் போன புள்ளைக்கு ஒரு சேலைய எடுத்து வச்சுக் கும்பிடணும் தாயி. ஆடியில ஒரு வெள்ளி சாம்பிராணி காட்டு. மத்த நாள்ல பெட்டியத் தொறக்காத. வயசுப் பொண்ணு யாரும் அதக் கட்டவும் கூடாது." வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள் அவர்கள். இந்தக் கும்பிடு அவர்களுக்குப் பழக்கம் இல்லை. ஆனாலும் அம்மா விடாமல் செய்தாள்.

நம் பழக்கமே இல்லையே என்று சொல்லிக்கொண்டுதான் மீனலோசனி அன்று பெட்டியைத் திறந்தாள். 'டக்' என்றது கொக்கி. "ஒரே ஒரு போட்டோக்கா" என்றாள், வாய்க்குள்.

மணி இரண்டே முக்கால் இருக்கும். கரண்ட் போனது. காற்றாடி நின்றது. ஜன்னல் வெளிச்சம் போதுமாக இருந்தது. கேமராவை டிவி மேல் வைத்தாள். பட்டனை அமுக்கிவிட்டு ஓடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பீப்... பீப்... பளிச்.

எடுத்துப் பார்த்தாள். கட்டைவிரல் அகலத் திரையில் முகம் சின்னதாகத் தெரிந்தது. இடது கன்னத்தில் நிழல். நாற்காலியை ஜன்னலுக்கு மறுபக்கம் நகர்த்திப் போட்டு, கேமராவையும் அந்தப் பக்கம் திருப்பினாள். மறுபடி எடுத்தாள். ஜன்னல் இப்போது இடது பக்கம் இருந்தது. நிழலும் இடது பக்கமே இருந்தது.

அவளுக்குப் பட்டுச்சேலை கட்ட வராது. முதல் போட்டோவிலேயே மடிப்பு சரிந்து கிடந்தது. மூன்றாவது தடவை பட்டனை அமுக்கக் குனிந்தபோது பார்த்தாள். மடிப்பு நேராக நின்றது. விசிறி மாதிரி.

தோளைத் தொட்டாள். ஊசி குத்தியிருந்தது.

அவள் ஊசி குத்தவில்லை.

போதும் என்று தோன்றியது. கேமராவை அணைத்து டிவி மேல் வைத்தாள். கால் செருப்பைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள்.

பீப்...

அப்படியே நின்றாள். குனிந்தபடி.

பீப்... பீப்...

சாம்பிராணி வாசனை. ஆடிக்கு இன்னும் மாதக்கணக்கில் இருந்தது.

பீப் பீப் பீப்...

நிமிரவில்லை. நாற்காலி மட்டும் லேசாக முனகியது. யாரோ உட்காரும்போது வருமே... அந்தச் சத்தம்.

பளிச்.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாள் என்று தெரியாது. கரண்ட் வந்து காற்றாடி சுற்றியபோது எழுந்தாள். கேமராவை எடுத்தாள். கடைசிப் போட்டோவில் வாடாமல்லிப் பட்டில் ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நிழலே இல்லாத முகம். சிரித்துக்கொண்டிருந்தாள்.

மீனலோசனி அன்று ஒரு போட்டோவிலும் சிரிக்கவில்லை.

அழித்திருக்க வேண்டும். அழிக்கும் பட்டன் மேல் விரலையும் வைத்தாள். ஆனால் அத்தனை போட்டோவிலும் அது ஒன்றுதான் அழகாக இருந்தது. சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். மறுநாள் பிரவுசிங் சென்டரில் ஹரிராம் அந்தப் போட்டோவை ஏற்றினான். திரையில் அது மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவள் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடேங்கப்பா. மீனாக்கா, நீங்கதானா இது?" என்றான்.

அவள் தலையாட்டினாள்.

ஒரே வாரத்தில் திண்டுக்கல்லிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளைக்கு பேங்கில் வேலை. அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. மீனலோசனி காப்பித் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் தாயார் அவளைப் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டி உள் அறையைப் பார்த்தார்.

"பொண்ண வரச் சொல்லுங்க."

"இதுதாங்க பொண்ணு" என்றாள் அம்மா.

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு பிரிண்டை எடுத்து நீட்டினார். "அப்ப இது யாரு?"

அம்மா அதை வாங்கினாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். பெரிய பிரிண்ட். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. சிரிப்பில் ஒரு தெத்துப்பல்.

மீனலோசனிக்குப் பல்வரிசை சீராக இருக்கும். தெத்துப்பல் பத்மாசினிக்கு.

அம்மா அலறவில்லை. ஒற்றை விரலால் அந்த இடது கன்னத்தைத் தடவினாள்.

"ஒண்ணுமே இல்ல" என்றாள். "என் புள்ளைக்குக் கன்னத்துல ஒண்ணுமே இல்ல."

வந்தவர்கள் எழுந்தார்கள். காப்பியைத் தொடவில்லை. அவர்கள் போன பிறகும் மீனலோசனி தட்டைக் கீழே வைக்காமல் நின்றாள். டம்ளர்களில் ஆடை படிந்தது.

அந்தப் பிரிண்டைத்தான் அம்மா சட்டம் போட்டு மாட்டினாள். மூத்த மகளுக்கு ஒரு போட்டோ கிடைத்துவிட்டது. எப்படிக் கிடைத்தது என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை.

மழைக்காலத்தில் பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எல்லா டீச்சரும் போட்டோ தர வேண்டியிருந்தது. மீனலோசனி ஸ்டுடியோவுக்குப் போனாள். ஸ்டுடியோக்காரர் இரண்டு தடவை லைட்டை மாற்றினார். மூன்று தடவை எடுத்தார். பிறகு கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

இடது கன்னத்தில் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கம்.

அவள் எழுந்து சுவர்க் கண்ணாடியில் பார்த்தாள். அங்கே அம்மைத் தழும்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. திரும்பித் திரையைப் பார்த்தாள். இருந்தது.

"தப்பா நினைக்காதீங்க மேடம்" என்றார் அவர். "ஒரே நிமிஷம். கம்ப்யூட்டர்லயே எடுத்துரலாம்."

மீனலோசனி கன்னத்தில் கை வைத்தாள். அந்த இடம் மட்டும் சுட்டது.

"வேணாம்ணே" என்றாள். "இருக்கட்டும்."