பட்டறை மாடியில் ஒரு வெள்ளை மாளிகை

பழைய மும்பை நெடுஞ்சாலை ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை, கக்கத்தில் சுருட்டிய பாய். புனே பக்கத்தில் கசார்வாடியில் நான் லேத் ஓட்டிய பட்டறை முதுகுக்குப் பின்னால் சின்னதாகிக்கொண்டே போனது.

வேலை போய்விட்டது. என்னை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இது ஒன்றும் அதிர்ச்சியாக இருக்காது... என் முகவரி எத்தனை தடவை மாறியிருக்கிறது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இந்தத் தடவை காரணம், பட்டறை முதலாளி சேட்டின் மச்சான். அவருடைய சிநேகிதர் கணேஷ் வேலையில்லாமல் இருந்தார்; என் லேத் அவருக்குப் போனது. நான் குடியிருந்ததும் அந்தப் பட்டறை மாடியில்தான். ஆக, வேலையோடு படுக்கையும் போச்சு. மத்தியானத்துக்குள் இரண்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார் சேட்.

காலையிலேயே கணேஷ் வந்துவிட்டார். என்னைவிட மூத்தவர், பாதித் தலை நரைத்தவர். என் முகத்தைப் பார்க்கக் கூசினார். நானே கூட்டிப்போய் ஒரு கட்டிங் சாய், அதான் அரை கிளாஸ் டீ, வாங்கிக் கொடுத்தேன். பிறகு லேத் முன்னால் நிறுத்தி, என் ஓட்டை இந்தியில் அதன் குணத்தையெல்லாம் சொன்னேன். கைச்சக்கரத்தைத் திருப்பினால் முதல் கால் சுற்று வெறும் ஆட்டம், அதற்கப்புறம்தான் இரும்பைச் சீவும் டூல் நகரும். குளிர்காலக் காலையில் பெல்ட் வழுக்கும், கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட வேண்டும். கணேஷ் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நான் பாயைச் சுருட்டிய இடத்தில் அவர் தன் பாயை விரித்தார். கிளம்பிவிட்டேன்.

கொஞ்ச தூரம் நடந்ததும் ஒரு டீக்கடை. வெல்டர் முருகேசன் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். திருநெல்வேலிக்காரர். புனே வந்து முப்பது வருடமாகியும் நாக்கு மட்டும் இன்னும் ஊரிலேயே இருக்கிறது. நடந்ததைச் சொன்னேன்.

"ஏல, நீ என்ன கோட்டியா? எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டு வந்து நிக்க. அவன் முழிக்கணும்லா? அப்பதான சேட் ஒன்னத் தேடி வருவான்."

ஒரு டீ சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று இரவு எங்கே படுப்பது என்பதே தெரியவில்லை.

கடை டிவியில் அமெரிக்கா ஓடிக்கொண்டிருந்தது. நம் ஊர்க் கணக்கில் முந்தின இரவு, அங்கே மத்தியானம், புதிய அதிபர் பதவியேற்றதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். இந்திச் செய்திக்காரர் சொல்லச் சொல்ல, எனக்கு முதுகு நிமிர்ந்தது. பழையவரும் புதியவரும் காலையில் சேர்ந்து டீ குடிப்பது அங்கே வழக்கமாம். பதவி முடிவது சரியாக மத்தியானம். விழா நடக்கும்போதே வெள்ளை மாளிகையில் — ஆபீசும் வீடும் அங்கேயேதான் — ஒருவர் சாமான் வெளியே போகும், மற்றவர் சாமான் உள்ளே வரும். ஜெயித்ததற்கும் பதவியேற்பதற்கும் நடுவே இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது — போகிறவரின் ஆட்கள் வருகிறவரின் ஆட்களுக்கு எல்லாம் சொல்லிக் கொடுக்கத்தான். தோற்றவர் மேடையிலேயே உட்கார்ந்து, ஜெயித்தவர் உறுதிமொழி சொல்வதைக் கேட்பார். வராமல் போனவர்களும் உண்டாம். அதை ஊர் மறப்பதில்லை.

"பாத்தீங்களா அண்ணாச்சி? அந்தப் பழைய அதிபரும் என்னை மாதிரி பட்டறை மேலயே குடியிருந்தவர்தான். வேலையும் வீடும் ஒரே மத்தியானத்துல போகுது. ஒழுங்கா சார்ஜ் குடுத்துட்டுப் போறாரு."

"அவருக்குப் பென்ஷன் உண்டுல. ஒனக்கு?"

கடையில் சிரிப்பு. நானும்தான் சிரித்தேன். ஆனாலும் ஒன்று சொல்கிறேன்... பதவிக்கு வருவதற்கு ஓட்டு வேண்டும், அதிர்ஷ்டம் வேண்டும், மச்சான் வேண்டும். ஒழுங்காகப் போவதற்கு என்ன வேண்டும்? நாம் மட்டும் போதும். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். வேலை பார்த்த எந்தப் பட்டறை வாசலிலும் இன்றைக்கும் போய் நின்று தண்ணீர் கேட்பேன். எத்தனை பெரிய மனிதர்களுக்கு அது முடியும்?

அப்போது போன் அடித்தது. கணேஷ்.

"சொன்னேன்லா, மிஷின் மக்கர் பண்ணிருக்கும். போயிராத," என்றார் அண்ணாச்சி.

மிஷின் நன்றாக ஓடுகிறதாம். புனேவுக்கு வடக்கே சாகணில் கணேஷின் தம்பி ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே லேத் ஆள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டானாம். "நாளைக்கே போ. நீ எப்படிப்பட்ட ஆள் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன்," என்றார்.

அன்றைய டீக்காசையும் ராத்திரிப் படுக்கையையும் அண்ணாச்சியே ஏற்றுக்கொண்டார்.

மறுநாள் காலை சாகணில் சேர்ந்தேன். லேத் நல்ல லேத். சக் சாவியைத்தான் காணோம் — இரும்பைக் கவ்வும் தாடையை இறுக்குகிற சாவி, அது இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது. ஓடிப்போனவன் கையோடு கொண்டுபோய்விட்டான். முதலாளி புதிதாக ஒன்று வாங்கி வரும்வரை சும்மா நின்றேன்.

அமெரிக்காவில் புதிய அதிபர் முதல் நாளே கட்டுக்கட்டாக உத்தரவுகளில் கையெழுத்துப் போடுகிறார். நானும் முதல் நாள் ஒன்று போட்டேன். லேத்துக்கு மேலே, சுவரில், ஒரு ஆணி.

அடுத்து வருகிறவன் சாவியைத் தேடக் கூடாது, பாருங்கள்.