மாதாவைச் சுடும் மிஷின்

சவரி அண்ணன் போய்விட்டார். விடியற்காலையில், ஆஸ்பத்திரியில். அவர் மகன் போன் செய்து சொன்னான்.

தெரியாதவர்களுக்கு... கரிக்கலாம்பாக்கம் பக்கம் எங்கள் ஊர். நானும் அவரும் ஒரே மில்லில் வேலை பார்த்தோம். நான் ஸ்பின்னிங், அவர் எலக்ட்ரீஷியன்.

ஊர் மாதா கோயில் திருவிழாவில் தேருக்கு சீரியல் லைட் கட்டுவது அவர்தான். வருஷத்தில் அந்த ஒரு வேலைக்காகத்தான் மற்ற வேலையெல்லாம் செய்கிறேன் என்பார்.

காலையிலிருந்து ஊர் க்ரூப்பில் எல்லோரும் அவருடைய கேம் மிஷினைப் பற்றியே எழுதுகிறார்கள். "செம கேம்", "ரேர் பீஸ்", "நம்ம ஊரு பெருமை"... எவனோ கூகுளில் தேடி, உலகத்திலேயே அது கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது என்று வேறு போட்டிருக்கிறான். படிக்கப் படிக்க வயிறு எரிகிறது.

எண்பதுகளின் ஆரம்பம் அது. சவரி அண்ணனின் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர், எங்கள் பக்கத்துப் பேச்சில் சொல்தா. அங்கே ஏதோ ஒரு காபிக்கடையை மூடியபோது கிடைத்த மிஷினைக் கப்பலில் தம்பிக்கு அனுப்பிவைத்தார்.

பீரோ உயரம். முன்னால் ஒரு துப்பாக்கி, அதன் மேல் கண் வைத்துப் பார்க்கக் கண்ணாடி. உள்ளே ஒரு கோட்டை, ஒரு சூனியக்காரி, றெக்கை வைத்த முதலை மாதிரி ஒரு டிராகன். அப்புறம் நீல கவுனும் நட்சத்திரக் கிரீடமுமாக ஒரு தேவதை.

உண்மையைச் சொன்னால் அது அப்படியொன்றும் செம கேம் இல்லை. துப்பாக்கி இடது பக்கம் இழுக்கும். சத்தம் மாவு மிஷின் மாதிரி. சாயங்காலம் கழனியில் மோட்டார் போட்டால் வோல்டேஜ் இறங்கி டிராகன் நொண்டும், அந்த நேரத்தில்தான் எங்கள் ஊரில் எல்லோரும் குறி தவறாமல் சுட்டார்கள்.

ஆனால் அந்த தேவதை... அவளை டிராகன் தூக்கப் பார்க்கும். அவள் மேல் படாமல் அதைச் சுட வேண்டும். காப்பாற்றிவிட்டால் அவள் கையைத் தூக்குவாள், கையில் குட்டியாக ஒரு பல்ப் எரியும். அதைப் பார்க்க எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆடலாம்.

திருவிழாத் திடலில் கொண்டுவந்து வைத்தார். எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நீல கவுன் வந்ததும் துப்பாக்கியை இறக்கிவிட்டு சிலுவை போட்டுக்கொண்டார்கள்! டிராகன் நிம்மதியாக அவளைத் தூக்கிக்கொண்டு போனது.

"அடேய், அவங்க வரச்சொல்லதாண்டா சுடணும்!" என்று சவரி அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார்.

"மாதா மேல பட்டுச்சின்னா இன்னாண்ணே பண்றது?"

"அது மாதா இல்லடா... கதையில வர்ற தேவதைடா..." யார் கேட்டார்கள்?

அப்போது திருவிழா கமிட்டியில் ஆரோக்கியம் மாமா. என் சொந்தத் தாய்மாமன். மிஷினின் முகப்பில் இருந்த படத்தை மட்டும் பார்த்தார். நீல உடுப்பில் ஒரு பெண், எதிரே துப்பாக்கி. நேராகப் போய் மைக்கைப் பிடித்தார்.

"மாதாவ சுடுற மிஷினுக்கு நம்ம திடல்ல எடம் கெடையாது!"

சவரி அண்ணன் ஓடினார். "மாமா, ஒரே ஒரு வாட்டி கண்ண வச்சிப் பாருங்க. அந்தம்மாவக் காப்பாத்தறதுதான் ஆட்டமே. அவங்க மேல பட்டா ஆட்டம் குளோஸ்."

"நான் எதுக்குடா அத்தப் பாக்கணும்? எடுத்துனு போடா வூட்டுக்கு."

பார்க்கவே இல்லை. இன்றுவரை.

இப்படி ஒரு மிஷினை வைத்திருப்பவன் மாதா தேரைத் தொடலாமா என்றும் பேச்சு கிளம்பியது. அதற்குத்தான் அண்ணன் பயந்தார். சொந்த அண்ணன் அனுப்பியதை உடைத்துப்போடவும் மனசு வரவில்லை.

அடுத்த திருவிழாவுக்கு முன்னால் சைக்கிள் கடையில் சிவப்பு எனாமல் வாங்கினார். முகப்பிலும் உள்ளேயும் அந்த நீலம் தெரியாமல் அடித்தார். கிரீடத்தைச் சுரண்டி எடுத்தார். பெயிண்ட் வழிந்து அந்தக் குட்டி பல்பும் மூடிப்போயிற்று.

நான் திட்டினேன். "உடுறா. தேரு வேல போயிடக் கூடாது இல்ல?" என்றார்.

கமிட்டி கூடியது. மாமா எழுந்தார். "பாத்தீங்களா? மாதாவுக்கே பெயிண்ட் அடிச்சிட்டான்!"

அந்த வருஷம் தேருக்கு லைட் கட்ட வெளியூர் ஆள் வந்தான். அதற்குப் பிறகு சவரி அண்ணனை ஒருபோதும் கூப்பிடவில்லை.

தேர் அவர் தெருவுக்கு வரும்போது மெழுகுவர்த்தியோடு வாசலில் நிற்பார். எல்லோரும் மாதாவைப் பார்ப்பார்கள், அவர் பல்பைப் பார்ப்பார். "மேல் வரிசையில லூஸ் கனெக்‌ஷன்டா" என்பார் என்னிடம், மெதுவாக.

மிஷின் மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. உள்ளே கோழி அடைத்தார்கள். ரேர் பீஸ்!

இன்று க்ரூப்பில் முதல் அஞ்சலி யாருடையது? ஆரோக்கியம் மாமாவுடையது. பழைய தேர் போட்டோவைப் போட்டு, "எங்கள் மாதாவின் தேருக்கு ஒளி தந்த அன்புச் சகோதரர்" என்று எழுதியிருக்கிறார். கூப்பிய கை, அழுகிற முகம் எல்லாம் வைத்து.

அந்த ஒளியை நிறுத்தினது யார் மாமா என்று கீழே கேட்டேன். "சாவு வூட்டுல பழசக் கிளறாத, போன் பண்ணு" என்று பதில் வந்தது. பண்ணமாட்டேன்.

அண்ணன் வீட்டு வாசலில் நின்றுதான் இதை எழுதுகிறேன். சாயங்காலம் அடக்கம். பெட்டி ஏற்றுகிற வண்டிக்கு கமிட்டியில் சீரியல் லைட் கட்டிவிட்டிருக்கிறார்கள்... மரியாதையாம்.

பாதி எரியவில்லை அண்ணே. மேல் வரிசை. சுற்றி இத்தனை பேர் நிற்கிறார்கள், ஒருத்தனும் தொடவில்லை.

போய் வாருங்கள்.